புதன் ராத்திரி மூணு பத்து

தாலி ஏறுகிற அந்த ஒரு நிமிஷத்தின் விலை எண்பதாயிரம் ரூபாய். கரண்ட், ஜெனரேட்டர் டீசல், குப்பை அள்ளும் கூலி தனி. நல்ல நேரத்தை யாராவது விலைக்கு வாங்க முடியுமா என்று கேட்பவர்கள் திருத்தணிப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். மலைமேல் இருக்கிற முருகன் அதைச் சும்மாதான் கொடுக்கிறான். மலைக்குக் கீழே, அரக்கோணம் ரோட்டில் இருக்கும் கௌரியம்மாள் மண்டபத்தில் அதற்கு ரசீது போடுவார்கள். ரசீதில் இருக்கும் கையெழுத்து ஹேமாவதியுடையது.

மண்டபத்தைக் கட்டியவர்கள் அவள் கணவன் பரணிதரனும் அவனுடைய அண்ணன் கோதண்டபாணியும். செத்துப்போன அம்மா பேரை வைத்தார்கள். அண்ணனுக்கு பஜாரில் அரிசி மண்டி. தம்பிக்கு ஜெனரேட்டர். அதாவது மண்டபத்தில் எந்தத் தகராறு கிளம்பினாலும் பரணிதரன் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவான். தகராறு தீர்ந்த பிறகுதான் டீசல் கையோடு திரும்புவான். ஆக, திறந்த நாளிலிருந்து மண்டபத்தை நடத்துவது ஹேமாவதிதான். எச்சில் இலைத் தொட்டியை ஒரு பார்வை பார்த்து எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடுவாள். சம்பந்தியம்மாள் முகம் கோணுகிற விதத்தை வைத்தே, அறையில் ஏசி போதவில்லையா, காபியில் சர்க்கரை போதவில்லையா என்று கண்டுபிடிப்பாள்.

அவள் ஆசைப்பட்டது புதுக் கம்ப்யூட்டர் கணக்குக்கு. பழையதை எழுதிக் கொடுத்த பையன் எப்போதோ துபாய்க்குப் போய்விட்டான். மழைக்காலத்தில் அது எழுந்திருக்கவே அரைமணி பிடிக்கும். அதற்குத் தெரிந்தது ஒரே கேள்வி: எந்தச் சாயந்திரம் ஏறுகிறீர்கள்? பார்ட்டி சாயந்திரம் மண்டபத்தில் ஏறும், மறுநாள் மத்தியானம் இறங்கும், அவ்வளவுதான் அதன் உலகம். முகூர்த்த நேரம், மாப்பிள்ளைக்கு எந்த அறை, நாதஸ்வரக்காரர் சாப்பிடுவாரா மாட்டாரா எல்லாம் 'குறிப்பு' என்ற ஒரே குப்பைத்தொட்டியில் விழும்.

புதியது அப்படி இல்லை. போனிலேயே பார்க்கலாம். பார்ட்டிக்குத் தானாகவே செய்தி அனுப்பும். ஜிஎஸ்டி பில் போடும். காலியாக இருக்கும் நாளைப் பச்சையாகக் காட்டும்.

"வருஷத்துக்கு நாப்பதாயிரமா?" என்றார் கோதண்டபாணி. "எங்க கீது அந்தச் சாமானு? கையில புடிச்சிப் பாக்க முடியுமா?"

"இன்டர்நெட்ல கீது பாவா." கணவனின் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கண்ணால பாக்காத சரக்குக்கு நான் ஒரு மூட்டைக்குக்கூட அட்வான்ஸ் குடுத்ததில்ல ஹேமா."

"மலையில கீற முருகனுக்கு மாசாமாசம் உண்டியல்ல போடறீங்களே?"

கோதண்டபாணி சிரித்துவிட்டார். சிரித்தால் வியாபாரத்தில் பாதி தோற்றுப்போனார் என்று ஹேமாவதிக்குத் தெரியும். ஆனால் மண்டிக்காரர் மீதிப் பாதிக்கு ஒரு முள் வைத்திருந்தார். "சரி, வாங்கிக்க. இந்த ஆவணி முகூர்த்தம் வரைக்கும் பாக்கறேன். ஒரு கொளறுபடி ஆச்சின்னு வையி, அரக்கோணத்துக் குத்தகைக்காரன் ஒருத்தன் மண்டபத்தக் கேட்டுகினே கீறான், வருஷத்துக்குப் பதினெட்டு லட்சம். குடுத்துட்டு நிம்மதியா இருப்போம். நீயும் வூட்ல உக்காந்து சீரியல் பாரு."

வீட்டில் உட்கார்வது என்பது ஹேமாவதிக்கு ஜெயில். அவள் அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள்.

பழையது தன் வயிற்றில் இருந்ததைப் புதியதற்குக் கொடுக்க மறுத்தது. புதிய கம்பெனிக்காரன் போனில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். பழையது கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோட்டைச் சிமிட்டிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தது. கடைசியில், ஊசி அடிக்கிற பழைய பிரிண்டரில் எல்லா புக்கிங்கையும் கரகரவென்று அடித்து எடுத்து, கல்யாணம் கல்யாணமாக ஹேமாவதியே தட்டி ஏற்றினாள். புதியது பெண் பார்க்க வந்த சம்பந்தி மாதிரி கேள்வி கேட்டது. அப்பா பேர் என்ன, பின்கோடு என்ன, முகூர்த்தம் எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை நிமிஷம். ஒன்றை விட்டாலும் சிவப்பாக முறைக்கும். முகூர்த்த நேரத்தை மட்டும் சொல்லிவிட்டால் போதும், பார்ட்டி எந்தச் சாயந்திரம் ஏற வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டுவிடும். அந்தச் சாமர்த்தியத்தில்தான் அவள் மயங்கிப் போனாள்.

எல்லாம் ஏற்றி முடித்த மறுநாள் திரையைப் பார்த்தால், ஆவணியில் ஒரு புதன் சாயந்திரம் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. வியாழன் காலை கொழுத்த முகூர்த்தம்! ஊரில் மாட்டுக்கொட்டகைகூடக் காலியிருக்காத நாள்! அவள் மனசுக்குள் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பத்து நிமிஷத்தில் அரக்கோணத்திலிருந்து ஆதிகேசவன் என்ற ரிட்டயர்டு ரயில்வே கார்டு போன் செய்தார். மகள் சுஜாதாவுக்குப் புதன் சாயந்திரம் ரிசப்ஷன், வியாழன் காலை ஏழரைக்கு முகூர்த்தம். ஹேமாவதி தொண்ணூறாயிரம் என்றாள். அவர் பேரமே பேசவில்லை. அப்போதாவது அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வாரமும் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாலு மணி. திரையில் இருந்தது பள்ளிப்பட்டு துளசிங்கத்தின் மகள் தேவிப்பிரியா கல்யாணம். தண்ணி லாரி இரண்டு நடை அடித்தாயிற்று. சீரியல் பல்பு எரிகிறது. வாசலில் ஒரு நாய் மட்டும் வந்து மாவிலைத் தோரணத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது. ஹேமாவதி துளசிங்கத்துக்குப் போன் போட்டாள்.

"நைனா, மண்டபத்துலேந்து ஹேமா பேசறேன். எதுவரைக்கும் வந்துகினு கீறீங்க?"

"எங்கம்மா வர்றது? பொண்ணுக்கு நலங்கு வச்சிகினு கீறாங்க. நா சாமியானாக்காரன்கூட சண்ட போட்டுகினு கீறேன்."

"வெடிகாலம் மூணு பத்துக்கு முகூர்த்தம், இன்னும் நலங்குலயே இருந்தா எப்படி நைனா?"

"வெடிகாலமா? ஏம்மா, புதன்கெழம ராத்திரி மூணு பத்துக்கு முகூர்த்தம். நாளைக்குச் சாயந்தரம்தானே ஏறணும்? செவ்வாக்கெழமைல எந்தக் கிறுக்கனாவது பொண்ண வூட்டவுட்டு எறக்குவானா?"

ஹேமாவதி பழைய பிரிண்டர் காகிதத்தைத் தேடி எடுத்தாள். நகரி, பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்குக்காரர்கள் கல்யாணத்தில் தாலி நடுராத்திரிக்குப் பிறகு ஏறுவது சகஜம். ஊர்ப் பேச்சிலும் பஞ்சாங்கத்திலும் பொழுது விடிந்தால்தான் மறுநாள். அதுவரைக்கும் எத்தனை மணி அடித்தாலும் புதன் ராத்திரி புதன்தான். கம்ப்யூட்டருக்கோ ராத்திரி பன்னிரண்டு அடித்தால் மறுநாள் பிறந்துவிடும். 'புதன் ராத்திரி 3.10' என்று பழைய குறிப்பில் இருந்ததை அவள் புதன், மூன்று பத்து என்று தட்டியிருந்தாள். கம்ப்யூட்டர் அதைச் செவ்வாய் விடிந்து புதனாகும் இருட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டது. துளசிங்கத்துக்குச் சொந்தமான புதன் சாயந்திரத்தைப் பச்சையாக்கி, ஆதிகேசவன் தலையில் கட்டவும் கட்டிவிட்டது.

அவள் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"மேடம், சிஸ்டம் கரெக்டாதான் எடுத்திருக்கு. மூணு பத்து ஏ.எம்.னா..."

"ஏம்ப்பா, உங்க ஊர்ல பொழுது எப்ப விடியும்?"

"மேடம்?"

"ராத்திரி பன்னண்டு மணிக்கு கோழி கூவுமா அங்க?"

"ஒரு கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் ரெய்ஸ் பண்ணிடறேன் மேடம்."

பரணிதரன் எட்டிப் பார்த்தான். மனைவி முகத்தைப் பார்த்தான். "ஜெனரேட்டர ஒரு தபா பாத்துட்டு வந்துர்றேன் ஹேமா," என்றான்.

ஊரில் உள்ள மண்டபங்களுக்கெல்லாம் பேசினாள். சிரித்தார்கள். மறுபடி திரை முன்னால் வந்து உட்கார்ந்தாள். புதன் ராத்திரியைத் தொட்டாள். அது மணி மணியாகப் பிரிந்து நீளமாகக் கிடந்தது. பழையதில் ஒரு ராத்திரி என்பது உடைக்க முடியாத ஒரே வெல்லக்கட்டி. இங்கே ஆறு மணி தனியாக இருந்தது, பத்து தனியாக, மூன்று தனியாக, ஏழரை தனியாக. மூன்று பத்தும் ஏழரையும் ஒன்றையொன்று தொடவே இல்லை. பயம் இருந்த இடத்தில் அவளுக்குள் ஏதோ துள்ளியது. "இரு, இரு, இரு," என்று திரையிடமே சொன்னாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இரண்டு பெண்ணின் அப்பாக்களையும் மண்டபத்துக்கு வரவழைத்துவிட்டாள். தண்ணி லாரிக்காரன் மண்டியில் வாயை விட்டதில் கோதண்டபாணியும் வந்து மூலையில் உட்கார்ந்துகொண்டார். துளசிங்கம் போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"இதப் படிம்மா. வெடிகாலம் வந்துச்சி. 'தங்கள் இல்லத் திருமணம் இனிதே நிறைவுற்றதற்கு வாழ்த்துகள். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' தாலி இன்னும் என் பொட்டியில கீதும்மா! எத்தன நட்சத்திரம் குடுக்கறது நானு?"

"நட்சத்திரம் அப்புறம் குடுக்கலாம் நைனா, மொதல்ல காபி குடிங்க."

ஆதிகேசவன் மனைவி பிரபாவதியோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் பிரபாவதிதான் முதலில் எழுந்தாள். "இன்னாம்மா இது அநியாயமா கீது! பொண்ணு பேரப் போட்டு பூ ஆர்ச்சு கட்டிகினு கீறாங்க, இன்னொரு பொண்ணும் ஏறுமாமே?"

"தப்பு என்னுதுங்க," என்றாள் ஹேமாவதி. "கம்ப்யூட்டர் மேல போடமாட்டேன். ரெண்டு பேருக்கும் மண்டபம் நாந்தான் குடுத்தேன், ரெண்டு பேருகிட்டயும் பணம் நாந்தான் வாங்கனேன்."

மூலையில் கோதண்டபாணி தலையில் கை வைத்தார். வியாபாரத்தில் இப்படி உண்மை பேசி அவர் பார்த்ததில்லை.

ஹேமாவதி ஆதிகேசவன் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க கார்டா இருந்தவரு. ஒரே லைன்ல எதிரும் புதிருமா ரெண்டு வண்டி வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது? ஒண்ண ஸ்டேஷன்ல லூப் லைன்ல ஒதுக்கிட்டு இன்னொண்ண வுடுவோம்."

"எத மொதல்ல வுடுவீங்க?"

"எது பங்க்சுவலா போவணுமோ அத."

"நைனாவுக்கு மூணு பத்து. உங்களுக்கு ஏழரை. நடுவுல நாலு மணி நேரம் கீது. நீங்க சாயந்தரம் ஆறுலேந்து பத்து வரைக்கும் மேடையில ரிசப்ஷன் நடத்துங்க. பத்துக்கு மேட நைனாவுது. அஞ்சரைக்கு அவரு எறங்கறாரு. ஏழுக்கு உங்க ஐயரு ஏர்றாரு."

ஆதிகேசவன் கீழே சிந்தியிருந்த காபியில் விரலைத் தொட்டு மேஜைமேல் இரண்டு கோடு இழுத்தார். ஒன்றை வளைத்தார். உதட்டைப் பிதுக்கினார். கண்ணில் ஒரு பழைய பளபளப்பு வந்தது. "ஒண்ணு எறங்கி இன்னொண்ணு ஏற, டர்ன் ரவுண்டு ஒன்றரை மணி நேரம். டைட்டுதான். ஆனா ஓட்டலாம்."

"அப்ப நா இன்னா, லூப்புல நிக்கற கூட்ஸ் வண்டியா?" என்று துளசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். "நகரியிலேந்து சம்பந்தி வராங்கம்மா! நாப்பது பவர்லூம் ஓட்டறாங்க! வாசப்படியில வேற பேரப் பாத்தா திரும்பிப் போயிருவாங்க."

"உங்களுது எக்ஸ்பிரஸ் நைனா. வழி வுடறவருதான் இவரு. மாப்ள வூட்டுக்கு லாட்ஜில ஏசி ரூமு என் செலவு. ஆர்ச்சுல ரெண்டு பொண்ணு பேரும் போடறேன். வாடகையில பாதி உங்களுக்குத் திருப்பித் தரேன்."

"எங்களுக்கு?" என்றாள் பிரபாவதி.

"உங்களுக்கும் பாதிங்கம்மா."

மூலையில் நாற்காலி கிறீச்சிட்டது. கோதண்டபாணி எழவில்லை, எழ நினைத்தார்.

"சமையக்கட்டு ஒண்ணுதானே? ரெண்டு சமையக்காரன் ஒரு அடுப்படியில நின்னா கரண்டியால அடிச்சிப்பான்," என்றாள் பிரபாவதி.

"பின்னால தகரப் பந்தல் போட்டு நைனாவோட ஆளுக்குத் தனி அடுப்பு. பந்தி மட்டும் மாத்தி மாத்தி."

"அவங்க ஆளு எங்க பந்தியில உக்காந்துட்டா?"

"சாப்புட்டு எழுந்து போவட்டும்ங்க. கல்யாணச் சோத்துக்கு டிக்கெட் செக் பண்ண முடியுமா?"

ஆதிகேசவன் சத்தமாகச் சிரித்தார். துளசிங்கம் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி கேட்டார்: "உங்க ரிசப்ஷன்ல பாட்டுக் கச்சேரி கீதாமே? என் ஜனங்களும் கேப்பாங்க. தெலுங்குப் பாட்டு அஞ்சி வேணும்."

"ரெண்டு," என்றார் ஆதிகேசவன்.

"நாலு."

"மூணு. அதுக்கு மேல எங்க பாட்டுக்காரனுக்கே தெரியாது. ஆனா உங்க நாதஸ்வரம் காலைல எங்களுக்கும் ஊதிட்டுத்தான் போவணும்."

"அவரு பங்காருப்பேட்ட வித்வானு சார்! சும்மா ஊதுவாரா?"

"சும்மா பாடறாங்களா?"

கை குலுக்கிக்கொண்டார்கள். அப்போது மூலையிலிருந்து கோதண்டபாணி முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"மொய்யி எங்க எழுதுவாங்க?"

குலுக்கிய கைகள் பிரிந்தன.

"ரெண்டு கல்யாணம், ஒரே வாசல். அரக்கோணத்தான் கவரு பள்ளிப்பட்டான் கையில போச்சின்னா?"

இரண்டு அப்பாக்களும் ஒருவரை ஒருவர் முதல் முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். மேடையைக்கூடப் பகிர்ந்துகொள்ளலாம், மொய்யில் அது நடக்காது.

"நானே உக்காந்துக்கறேன்," என்றார் கோதண்டபாணி. பணம் கைமாறுகிற மேஜையைப் பார்த்துவிட்டு சும்மா போகிற ரத்தம் அவர் உடம்பில் இல்லை.

சாயந்திரம் ஆறு மணிக்கு மலையை மறைத்துக்கொண்டு ஒரு மழை வந்து இருபது நிமிஷம் அடித்தது. நனையாமல் இருக்க இரண்டு கல்யாணமும் ஒரே வாசலில் முண்டியது. கோதண்டபாணி நடுவில் நாற்காலி போட்டு, இடது கையில் அரக்கோணம் மேஜை, வலது கையில் பள்ளிப்பட்டு மேஜை என்று ரயில்வே கேட் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊருங்க? பொண்ணு பேரு?"

"பேரெல்லாம் தெரியாதுங்க. பொண்ணோட அப்பன் என்கூட டியூட்டி பாத்தாரு."

"இடது பக்கம்! நீங்க?"

"புத்தூரு. நூலு வியாபாரம்."

"வலது! கவர மூடிகினே போங்க, இங்க பிரிக்காதீங்க!"

மேடையில் மூன்றாவது தெலுங்குப் பாட்டு முடிந்ததும் பள்ளிப்பட்டு இளவட்டங்கள் போட்ட ஆட்டத்தில் அரக்கோணத்துக்காரர்களே இன்னொன்று என்று கூச்சல் போட்டார்கள். பாட்டுக்காரனுக்கு நாலாவதும் தெரிந்திருந்தது. எட்டரைப் பந்தியில் தகரப் பந்தலிலிருந்து கோங்குரா பச்சடி வாளி, பிரபாவதியின் தங்கையே தூக்கிக்கொண்டு வர உள்ளே வந்தது; திரும்பிப் போன வாளியில் பாதாம் அல்வா இருந்தது. நகரிச் சம்பந்தி ஏசி ரூமில் இறங்கிவிட்டு மண்டபத்துக்கு வந்து, ஆர்ச்சில் இரண்டு பெண்களின் பேரைப் பார்த்து, "ஒண்ணா ரெண்டா?" என்று ஒரு புருவத்தைத் தூக்கினார். "ரெண்டு மடங்கு விசேஷம்ங்க," என்று சொல்லி ஹேமாவதி அவர் கையில் ரோஸ்மில்க்கைத் திணித்தாள்.

பத்து அடித்ததும் பரணிதரன் தானாகவே மேடைமேல் ஏறி சோபாவைத் தூக்கினான். அன்றைக்கு அவன் ஜெனரேட்டர் பக்கமே போகவில்லை. போக வேண்டிய அவசியமும் வரவில்லை, கரண்ட் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மூன்று பத்துக்கு வித்வான் கெட்டிமேளத்தைப் பிடித்தபோது ஆதிகேசவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரைட் டைம்," என்று தன்னை அறியாமல் கையை உயர்த்திக் காட்டினார். பிரபாவதி மஞ்சள் அரிசியைத் தேவிப்பிரியா தலையில் வீசிவிட்டு, தன் பெண்ணை எழுப்ப ஓடினாள். ஐந்தரைக்குப் பத்து விளக்குமாறு மேடையில் இறங்கியது. ஏழேகாலுக்கு ஆதிகேசவன் வீட்டு ஐயர் ஹோமம் வளர்த்துவிட்டார். பள்ளிப்பட்டு பஸ் வாசலில் உறுமிக்கொண்டே நின்றது. ஏறுகிறேன் என்ற ஜனங்கள் சுஜாதா கல்யாணத்துக்கும் அட்சதை போட்டுவிட்டுத்தான் ஏறினார்கள். காலை டிபன் பொங்கல், வடை என்று தெரிந்திருந்ததும் ஒரு காரணம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மண்டபம் காலி. ஆபீஸ் அறையில் ஹேமாவதி கண்கள் எரிய உட்கார்ந்திருந்தாள். வெளியே வராந்தாவில் குத்தகைக்காரன் கோதண்டபாணியோடு பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கார் கிளம்பும் சத்தம். கோதண்டபாணி உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"வாடக ரெண்டும் சேத்து ஒரு லட்சத்து எழுபது. திருப்பிக் குடுத்தது எம்பத்தஞ்சி. லாட்ஜ், பந்தலு, ஆளு, செவ்வாக்கெழம கொட்டன தண்ணி, எல்லாம் முப்பத்தஞ்சி. கையில கீறது அம்பதாயிரம். துளசிங்கம் மட்டும் வந்திருந்தா எம்பது. முப்பதாயிரம் நஷ்டம்."

"ஆங், பாவா." அவள் தலை குனிந்தாள். "கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"அவன்கிட்ட ஒண்ணு கேட்டேன். மண்டபத்துக்கு மேனேஜர் வெப்பியான்னேன். பதினஞ்சாயிரம் சம்பளத்துல வெப்பேன்னான். ஒரே ராத்திரியில ரெண்டு கல்யாணத்த ஏத்தி எறக்கற மேனேஜர் உன்கிட்ட கீறானாடான்னேன். முழிச்சான். அனுப்பிட்டேன்."

ஹேமாவதி நிமிர்ந்தாள்.

"ரொம்ப சந்தோஷப்படாத," என்றார் மண்டிக்காரர். "முப்பதாயிரம் நஷ்டம் நஷ்டந்தான். அது உன் சம்பளத்துலதான் புடிப்பேன்."

"எனக்கு ஏது பாவா சம்பளம்?"

"இன்னிக்கி போடு. அவன் சொன்ன அதே பதினஞ்சி. கம்ப்யூட்டர்ல உன் பேர ஏத்து. ரெண்டு மாசம் கையில ஒண்ணியும் கெடையாது, அவ்ளோதான்."

அவள் கீபோர்டை இழுத்தாள். பேர் தட்டினாள். வேலை: மேலாளர். சம்பளம்: பதினைந்தாயிரம். அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. சிவப்பாக முறைத்தது.

"இன்னா கேக்குது?"

"வேலைக்குச் சேந்த தேதி கேக்குது பாவா."

"போடேன், அதுக்கின்னா."

"உள்ள தேதியதானே போடணும்?"

"பின்ன, பொய்யா எழுதுவ? நேத்து பட்டது போதாதா?"

ஹேமாவதி மண்டபம் திறந்த அந்த வைகாசித் தேதியைத் தட்டினாள். இன்றைக்குப் பதினோரு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. பிடித்தம் என்ற கட்டத்தில் முப்பதாயிரத்தையும் ஏற்றினாள். வட்டம் ஒரு சுற்று சுற்றியது. அவள் திரையை மெதுவாக அவர் பக்கம் திருப்பி வைத்தாள். கோதண்டபாணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

சம்பளம், நூற்று முப்பத்தைந்து மாதம்: ரூ. 20,25,000
பிடித்தம், புதன் இரவு நஷ்டம்: ரூ. 30,000
இதுவரை கொடுத்தது: ரூ. 0
மண்டபம் ஹேமாவதிக்குத் தர வேண்டிய பாக்கி: ரூ. 19,95,000